பதினைந்து வயது மகளை விடுமுறையில் மில்லுக்கு அனுப்பலாமா?

கேள்வி: பல்லடம் அருகே வசிக்கிறோம். மகளுக்கு 15 வயது. பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறாள். “அமெரிக்காவிலேயே சட்டத்தைத் தளர்த்திவிட்டார்கள், இங்கும் 14 முடிந்தால் போதும்” என்று சொல்லி, விடுதியுள்ள நூற்பாலைக்கு அவளை அனுப்பச் சொல்கிறார் ஓர் ஏஜென்ட். அவளுடைய ஆதார் அட்டையையும் வாங்கிச் சென்றிருக்கிறார். 12 வயது மகன், நான் வீட்டில் எடுத்துச் செய்யும் பனியன் வேலையில் மாலை நேரத்தில் பிசிறு வெட்டித் தருகிறான். அதுவும் குற்றமா?

பதில்: மற்றவற்றைப் பிறகு பார்க்கலாம், முதலில் அந்த ஆதார் அட்டையைத் திரும்ப வாங்குங்கள்.

அமெரிக்கச் செய்தி பொய்யல்ல. ஆர்கன்சாஸ் மாநிலம் 2023இல், 16 வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு வைக்க அரசின் அனுமதிச் சீட்டு தேவை என்ற விதியை நீக்கியது. ஃபுளோரிடா 2024இல், பெற்றோர் ஒப்புதல் இருந்தால் 16, 17 வயதினர் பள்ளி நடக்கும் வாரத்திலும் 30 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யலாம் என்றது. ஆனாலும் 14, 15 வயதினர் பள்ளி நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்னும் நடுவண் சட்டம் அங்கே அப்படியேதான் இருக்கிறது. எப்படியிருந்தாலும், ஃபுளோரிடாவின் சட்டம் பல்லடத்து மில் கேட்டுக்குள் செல்லுபடியாகாது.

நம் நாட்டில் 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம், 2016இல் திருத்தப்பட்ட வடிவில் நடப்பில் உள்ளது. அதன்படி 14 வயது நிறையாதவர் குழந்தை. 14 முதல் 18 வரை உள்ளவர் வளரிளம் பருவத்தினர். உங்கள் மகள் இரண்டாம் வகை. அபாயகரமானது என்று அட்டவணையில் சேர்க்கப்படாத வேலையை அவள் செய்யலாம் என்பது உண்மை. ஏஜென்ட் அந்தப் பாதியை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். மீதிப் பாதி இதுதான்: தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, அதன்பின் ஒரு மணி நேர ஓய்வு தர வேண்டும், ஓய்வும் காத்திருப்பும் சேர்த்து ஒரு நாளில் ஆறு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை வேலையே கூடாது, ஓவர்டைம் கிடையாது, வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை உண்டு. எட்டு மணி நேர ஷிப்ட் வைத்து இரவும் பகலும் ஓடும் நூற்பாலையில் இந்தக் கணக்கு எங்கே பொருந்தும்? காலை எட்டரைக்குத் தொடங்கி இரவு எட்டரைக்கு முடியும் பனியன் கம்பெனியின் ஒன்றரை ஷிப்டிலும் பொருந்தாது. ஆகவே அனுப்பாதீர்கள்.

இனி ஏஜென்ட்டைப் பற்றி. ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று மில்லிடம் கமிஷன் வாங்குபவருக்கு உங்கள் மகளின் வயது ஒரு தடை மட்டுமே. அதைத் தாண்டத்தான் ஆதார் அட்டை; பிறந்த ஆண்டு திருத்தப்பட்ட நகல் ஒன்று மில் கோப்பில் ஏறினால், பிரச்சினை வரும்போது “பெற்றோர் கொடுத்ததுதான்” என்று எல்லோரும் கைகழுவிவிடுவார்கள். ஆதார், பிறந்த தேதிக்கான சான்றாகாது என்று உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் கூறியிருக்கிறது. பள்ளிச் சான்றிதழே முதன்மையானது. “இது வேலையே அல்ல, பயிற்சி” என்பது அடுத்த வலை. உண்மையான தொழிற்பழகுநர் என்றால் 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாவலர் கையெழுத்திட்ட, பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தம் இருக்கும். அதைக் காட்டச் சொல்லுங்கள், ஏஜென்ட் மறுபடி வர மாட்டார். மூன்றாவது, சம்பளத்தைப் பிடித்துவைத்து மூன்று ஆண்டு முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகத் தருவோம் என்பது. சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் நம் பகுதி மில்களில் நடந்தது இதுதான். இடையில் உடல் முடியாமல் ஊர் திரும்பிய எத்தனையோ பெண்கள் அந்தத் தொகையைக் கண்ணாலேயே பார்த்ததில்லை. பெயர் மாறினாலும் ஏற்பாடு மாறாது. 18 வயதுக்குட்பட்டவரைக் கொத்தடிமை போல வைத்து வேலை வாங்குவதும், அவரது சம்பளத்தைப் பிடித்துவைப்பதும் இளைஞர் நீதிச் சட்டப்படி ஐந்து ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் பெறத்தக்க குற்றம். முன்பணம் என்று ஏதாவது வாங்கியிருந்தால், அதற்கு ஈடாக மகளை அனுப்ப வேண்டிய கட்டாயம் உங்களுக்குச் சட்டப்படி இல்லை.

மகன் விஷயத்தில் நான் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் 2016 திருத்தத்தின் பெரிய தளர்வு இங்கேதான் இருக்கிறது. இதைத்தான் ஜாப் ஒர்க் கொடுப்பவர்கள் தங்களுக்குச் சாதகமாகச் சொல்லித் திரிகிறார்கள். பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் குழந்தை குடும்பத் தொழிலில் உதவலாம் என்கிறது சட்டம். குடும்பம் என்றால் யார்? தாய், தந்தை, உடன்பிறந்தோர், பெற்றோருடைய உடன்பிறந்தோர். சித்தப்பாவும் அத்தையும் மாமாவும் பட்டியலில் இருக்கிறார்கள். அப்பாரும் அப்புச்சியும், அதாவது இரு பக்கத் தாத்தாக்களும், இல்லை. ஏன் விட்டார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. 2017ஆம் ஆண்டு விதிகள் இதற்கு மேலும் வேலி போட்டன: அந்தத் தொழில் உங்கள் குடும்பத்தின் பொறுப்பில் நடக்க வேண்டும், மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, இரவு 7க்குப் பிறகு கூடாது, பெரியவர் செய்யும் வேலைக்கு மாற்றாகக் குழந்தையை நிறுத்தக் கூடாது, எல்லாவற்றுக்கும் மேலாக, உற்பத்தி, விநியோகச் சங்கிலியில் குழந்தைக்கோ குடும்பத்துக்கோ கூலி ஈட்டித்தரும் வேலையாக அது இருக்கக் கூடாது. துணி நெசவு, சாயமிடுதல், அச்சிடுதல் ஆகியவற்றில் குடும்பத் தொழில் என்றாலும் விலக்கு இல்லை. நீங்கள் பீஸ் கணக்கில் கூலி வாங்கும் பனியன் கட்டுக்கு உங்கள் மகன் பிசிறு வெட்டுவது, சோபாவில் உட்கார்ந்து டிவி பார்த்தபடி வெட்டினாலும், குடும்ப உதவி அல்ல. யாரோ ஒருவரின் ஏற்றுமதி ஆர்டருக்கான உழைப்பு. நிறுத்திவிடுங்கள். முதல் முறை என்பதால் உங்களைச் சிறைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயப்பட வேண்டாம். ஆனால் கட்டு கொடுத்தவர் தப்பிக்கும் வழி உங்கள் வீட்டு வாசல்தான் என்பதை உணருங்கள்.

“சின்ன வயதில் கைமடியாக (தையல்காரருக்கு உதவியாளாக) சேர்ந்துதானே இன்று முதலாளியானோம்” என்பவர்களை நானும் நிறையக் கேட்டிருக்கிறேன். கைமடியாகவே கை தேய்ந்தவர்கள் அப்படிப் பேச மேடைக்கு வருவதில்லை. அரசுத் தரப்பிலும் குழந்தைத் தொழிலாளர் எதிர்ப்பு நாளான ஜூன் 12 அன்று உறுதிமொழி எடுத்துப் புகைப்படம் வந்துவிடுகிறது, “இங்கு குழந்தைத் தொழிலாளர்கள் இல்லை” என்ற பலகை கேட்டில் பளபளக்கிறது. மீட்கப்பட்ட பிள்ளைகளுக்கான சிறப்புப் பயிற்சி மையங்களை நடத்திய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தையோ 2021இல் வேறொரு கல்வித் திட்டத்தில் கரைத்துவிட்டார்கள். சட்டத்தை மீறுபவருக்குக் குறைந்தபட்ச அபராதம் 20,000 ரூபாய். ஒரு சரக்கு லாரி வாடகைக்கு மேல் அது எவரையும் உறுத்துமா?

ஏஜென்ட் அட்டையைத் தர மறுத்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழையுங்கள். புகாரைத் தொழிலாளர் துறையின் மாவட்ட அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்குங்கள், வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். முடிவு வந்தவுடன் மதிப்பெண் சான்றும் மாற்றுச் சான்றிதழும் வாங்கிப் பதினொன்றாம் வகுப்பிலோ அரசு ஐடிஐயிலோ சேர்த்துவிடுங்கள். அந்த அசல் சான்றிதழ்களை எந்த ஏஜென்ட்டிடமும், “ஒரு நாள் பார்த்துவிட்டுத் தருகிறேன்” என்றாலும், கொடுக்க வேண்டாம்.