குதிரைக்கு எப்படித் தெரியும்?

கேள்வி: அன்னா சூவெல் எழுதிய 'பிளாக் பியூட்டி'யை மகளுக்குப் படித்துக் காட்டினேன். குதிரையே தன் கதையைச் சொல்கிறது. மனிதர் பேச்செல்லாம் அதற்கு எப்படிப் புரியும்? ஆசிரியரே வெளியில் நின்று சொல்லியிருந்தால் நம்பும்படி இருந்திருக்குமே? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: காக்காவிடம் நரி பாட்டுப் பாடச் சொன்னபோது கேட்காத கேள்வி, குதிரை வாயைத் திறந்ததும் வந்துவிட்டது! 1877-இல் வந்த முதல் பதிப்பின் முகப்பிலேயே, குதிரை மொழியிலிருந்து மொழிபெயர்த்தது என்று போட்டு உங்களுக்குப் பதில் சொல்லிவிட்டார் அந்த அம்மையார்.

இந்தக் குதிரைக்கு மனிதர் பேச்சு புரியும். ஆனால் மனிதரிடம் ஒரு வார்த்தை பேச முடியாது. கதையே அதில்தான் இருக்கிறது. லாயத்தில் வேலை பார்க்கும் ரூபன் ஸ்மித் குடித்துவிட்டு அதை விரட்டும் இரவை மறுபடி படியுங்கள். லாடம் கழன்று, கல்லில் குளம்பு சிதைந்து, குதிரை விழுகிறது. தூக்கியெறியப்பட்ட ஸ்மித் இறந்துபோகிறான். தேடி வந்தவர்கள், 'இந்தக் கறுப்புக் குதிரையா இப்படிச் செய்தது!' என்று திகைக்கிறார்கள். நடந்தது நமக்குத் தெரியும், குதிரைக்கும் தெரியும். அவர்களிடம் சொல்லத்தான் வழியில்லை. ஓரடி எடுத்து வைத்துத் தடுமாறிய பிறகுதான் ஒருவன் அதன் காலைப் பார்க்கிறான். வெளியில் நின்று சொல்பவர் இந்தத் தவிப்பை எங்கிருந்து கொண்டுவருவார்?

அப்புறம், அந்த வார். வண்டிக் குதிரை தலையை இறக்காமல் கம்பீரமாகத் தெரிய வேண்டும் என்று கழுத்தை இழுத்துக் கட்டுவார்கள். வண்டிக்குச் சொந்தக்காரச் சீமாட்டி அதை நாளுக்கு நாள் இறுக்கச் சொல்கிறாள். தெருவில் நின்று பார்ப்பவனுக்கு அது அழகு. மேட்டில் இழுக்கும்போது தலையைத் தாழ்த்திப் பாரத்தை முன்னே கொடுக்க முடியாமல் முதுகும் காலும் படும் பாடு, கட்டப்பட்ட குதிரைக்குத்தான் தெரியும். சூவெல் இதைக் குழந்தைகளுக்காக எழுதவில்லை; குதிரைகளோடு வேலை செய்பவர்களுக்காக எழுதினார்.

தெரியாததைத் தெரியாது என்றே விடுவதும் உண்டு. செத்த செம்பழுப்புக் குதிரை ஒன்று வண்டியில் போகிறது. பழைய தோழி ஜிஞ்சர்தான் என்று பியூட்டி நினைக்கிறது. உறுதியாகச் சொல்ல அதனால் முடியவில்லை, நமக்கும் கடைசிவரை தெரியாது.

ஓய்வுநாளான ஞாயிற்றுக்கிழமை வாடகை வண்டி ஓட்டலாமா என்று வாதாடும் பக்கங்களைக் காட்டிக் கேட்டிருந்தால், நானும் உங்கள் கட்சிதான். அங்கே குதிரை வெறும் காதாகிவிடுகிறது, பேசுவது அம்மையார். மகளுக்குப் படிக்கும்போது அவற்றைத் தாண்டிவிடுங்கள், குடி முழுகாது.