எல்லையோர ஊரில் படிப்பகம் நடத்தும் சிறு குழுவுக்கு நிதியுதவி எங்கே, எப்படிக் கேட்பது?

கேரள எல்லையில், வேலந்தாவளம் பக்கத்தில் பதினோரு பேர் சேர்ந்து படிப்பகம் தொடங்கியிருக்கிறோம், ஞாயிற்றுக்கிழமைகளில் குளத்துக்கரையில் மரம் நடுகிறோம், அலமாரிக்கும் மரக்கன்றைச் சுற்றி வைக்கும் கூண்டுக்கும் ஐம்பதாயிரம் ரூபாய் போதும், யார் தருவார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். குழுவில் நாலு பேர் தமிழ்நாட்டுப் பக்கம் என்பதால் எந்த மாநிலத்தில் பதிவு செய்வது என்ற குழப்பம் வேறு.

கிடைக்கும். நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இதே மாதிரி ஒரு படிப்பகத்துக்குப் பல வருஷம் பொருளாளராக இருந்தவன். பொருளாளர் என்றால் பணம் வைத்திருப்பவர் என்று நினைத்துத்தான் ஒத்துக்கொண்டேன். பில் வைத்திருப்பவர் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

முதலில் பதிவு. சங்கத்தின் அலுவலக முகவரி எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அங்கேதான் பதிவு. உறுப்பினர் எந்தப் பக்கம் குடியிருந்தாலும் பரவாயில்லை. படிப்பகம் கேரளப் பக்கம் இருந்தால் கேரளத்திலேயே செய்துவிடுங்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பாலக்காடு மாவட்டத்தின் பெரும்பகுதி பழைய மலபார், அங்கே 1860-ஆம் ஆண்டு சங்கப் பதிவுச் சட்டம். நம் சித்தூர் தாலுக்கா (ஆந்திரச் சித்தூர் இல்லை, நம்முடையது) கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது. அதனால் நமக்கு 1955-இல் வந்த திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டம். பாலக்காட்டு நண்பர் கொடுத்த மாதிரிப் படிவத்தை அப்படியே நகலெடுத்துக்கொண்டு போனால், தலைப்பிலேயே சட்டத்தின் பெயர் தப்பாக இருக்கும். எங்களுக்கு அதில் ஒரு நாள் வீண். தமிழ்நாட்டுப் பக்கம் பதிவு என்றால் 1975-ஆம் ஆண்டுச் சட்டம். எந்தச் சட்டமானாலும் குறைந்தது ஏழு பேர் வேண்டும். உங்களிடம் பதினோரு பேர் இருக்கிறார்கள், அது பிரச்சினையில்லை.

பதிவு முடிந்ததும் சங்கத்தின் பெயரில் பான் கார்டு, அதே பெயரில் வங்கிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து. இதெல்லாம் ஆகும் வரை தலைவரின் சொந்தக் கணக்கில் வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். நாளைக்கு அவருடைய தங்கை கல்யாணம் வரும், ஊர் பேசும்.

மனுவை எந்த மொழியில் எழுதுவது? தமிழிலேயே எழுதலாம். கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அரசு அறிவித்த இடங்களில் தமிழரும் கன்னடரும் அங்குள்ள அரசு அலுவலகங்களுக்குத் தங்கள் மொழியிலேயே எழுதலாம், பதிலும் அதே மொழியில் வர வேண்டும் என்கிறது. ஓர் அலுவலகத்தில் எங்கள் தமிழ் மனுவை ஓரமாகத் தள்ளி வைத்தார்கள். சட்டத்தின் பெயரைச் சொன்னதும் வாங்கிக்கொண்டார்கள். பதில் மலையாளத்தில்தான் வந்தது, அது வேறு கதை. உரிமை ஒரு பக்கம் இருக்கட்டும், வேலை நடக்க வேண்டும் என்றால் தமிழ் மனுவுக்கு மேலே மலையாளத்தில் அரைப்பக்கச் சுருக்கம் வையுங்கள். மலையாள மீடியத்தில் படித்த பிள்ளைகள் உங்கள் குழுவிலேயே இருப்பார்கள்.

இனி யாரிடம் கேட்பது என்பதற்கு வருகிறேன்.

படிப்பகத்துக்கு முதல் வாசல் தாலுக்கா லைப்ரரி கவுன்சில். கேரளத்தில் கிராம நூலகங்களை அரசு நேரடியாக நடத்துவதில்லை. ஊர்க்காரர்கள் நடத்தும் வாயனசாலைகளை, அதாவது படிப்பகங்களை, கவுன்சில் தன்னோடு இணைத்து, தரம் பிரித்து, ஆண்டு மானியம் தருகிறது. 1945-இல் பி. என். பணிக்கர் அம்பலப்புழையில் தொடங்கி வைத்த கிரந்தசாலை (நூலக) இயக்கத்தின் தொடர்ச்சி இது. பணம் எங்கிருந்து வருகிறது? 1989-ஆம் ஆண்டு நூலகச் சட்டப்படி நம் கட்டட வரியோடு ரூபாய்க்கு ஐந்து பைசா நூலக வரியும் சேர்த்து வாங்குகிறார்கள். உங்கள் வீட்டு வரி ரசீதைப் பாருங்கள், அதில் இருக்கும். ஏற்கெனவே கட்டிக்கொண்டிருக்கிற பணத்தில் ஒரு பங்கைக் கேட்கப் போகிறோம், கூச்சப்பட வேண்டியதில்லை. ஆனால் இணைப்பு உடனே கிடைக்காது. ஆய்வுக்கு வருவார்கள்; புத்தக இருப்புப் பதிவேடு, உறுப்பினர் பதிவேடு, வழங்கல் பதிவேடு மூன்றையும் புரட்டிப் பார்ப்பார்கள். புத்தகம் குறைவாக இருக்கிறது என்றால்கூடச் சமாளித்துவிடலாம். வழங்கல் பதிவேடு வெறுமையாக இருந்தால் எதுவும் சொல்ல முடியாது. தமிழ்நாட்டுப் பக்கம் இந்த வழி இல்லை. அங்கே நூலகங்களை அரசின் நூலகத் துறையே நடத்துகிறது.

அடுத்தது கிராம சபை. கேரளத்தில் கிராம சபை வார்டு வாரியாகக் கூடுவதால் உங்கள் குரல் கூட்டத்தில் காணாமல் போகாது. 1996-இல் மக்கள் திட்டம் வந்த பிறகு பஞ்சாயத்துகளின் கையில் திட்டப் பணம் ஓரளவு இருக்கிறது. பஞ்சாயத்து உங்கள் கையில் பணமாகத் தரும் என்று எதிர்பார்க்காதீர்கள். பொருளாகவோ வேலையாகவோ வரும். மெம்பரைத் தனியாகப் பார்த்துச் சொல்வதைவிட, கூட்டத்தில் எழுந்து சொல்லி மினிட்ஸ் புத்தகத்தில் ஏற்றுங்கள். குளத்துக்கரை மரம் நடும் வேலைக்கும் இது தேவை. பொதுக் குளம் பஞ்சாயத்தின் பொறுப்பில் இருப்பது, அவர்கள் எழுத்தில் அனுமதி தராமல் கரையில் குழி தோண்டினால் வெளி நிதி தருபவர் தொடவே மாட்டார். அனுமதிக் கடிதத்தின் நகலை ஒவ்வொரு விண்ணப்பத்தோடும் இணையுங்கள்.

உங்கள் வேலையில் ஏதாவது தமிழ்நாட்டு எல்லைக்குள் வந்தால் அங்கே நமக்கு நாமே திட்டம் இருக்கிறது. பொதுவாக மூன்றில் ஒரு பங்கு மக்கள் போட்டால் மீதியை அரசு போடும். நம் பங்கை முதலில் கட்ட வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

கம்பெனிப் பணம் பற்றி நிறையப் பேர் ஆசையாகக் கேட்கிறார்கள், கஞ்சிக்கோட்டில்தான் இத்தனை தொழிற்சாலை இருக்கிறதே என்று. 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டம் 135-ஆம் பிரிவின்படி பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும், சிஎஸ்ஆர் என்பார்கள். உண்மைதான். ஆனால் 2021 ஏப்ரல் முதல், அந்தப் பணத்தை வாங்கிச் செலவழிக்கும் சங்கம் சிஎஸ்ஆர்-1 என்ற படிவத்தில் பதிந்திருக்க வேண்டும், அதற்கு வருமான வரித்துறையின் வரிச்சலுகைப் பதிவுகள் (12ஏ, 80ஜி என்று சொல்வார்கள்) வேண்டும். பதினோரு பேர் குழு முதல் வருஷம் இதற்குள் தலையை விட வேண்டாம். பொருளாகக் கேளுங்கள். கம்பெனி நேரடியாகச் செய்யும் வேலைக்கு உங்களிடம் அந்தப் பதிவு தேவையில்லை. அவர்களே அலமாரி வாங்கி வண்டியில் அனுப்பிவிடலாம். பக்கத்து ஊர் வாயனசாலைக்கு இரும்பு அலமாரியும் மேசையும் அப்படித்தான் வந்தன.

வளைகுடாவில் இருக்கும் ஊர்க்காரர்கள் அனுப்பும் பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், இங்கே பல குழுக்கள் தடுமாறுவது இதில்தான். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. துபாயில் இருக்கும் உங்கள் மாமா மகன் தாராளமாக அனுப்பலாம், பாஸ்போர்ட் நகல் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதே ஆள் கனடாவில் குடியுரிமை வாங்கிவிட்டால் கதை மாறிவிடும். அப்போது எஃப்சிஆர்ஏ எனும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக்கூடாது. அந்தப் பதிவுக்குச் சங்கம் மூன்று வருஷம் நடந்திருக்க வேண்டும், பதினைந்து லட்சம் செலவு காட்ட வேண்டும், நமக்கு எட்டாது. முன்பு பெரிய தொண்டு நிறுவனங்கள் வெளிநாட்டிலிருந்து வாங்கி நம் மாதிரிக் குழுக்களுக்குப் பிரித்துக் கொடுத்துவந்தன. 2020 திருத்தம் அதையும் நிறுத்திவிட்டது. கிராமங்களில் சிறு நிதி வறண்டுபோனதற்கு அது ஒரு முக்கியக் காரணம் என்பேன்.

மிச்சம் இருப்பவை தனியார் அறக்கட்டளைகள். கோயம்புத்தூர்ப் பக்கம் இப்படி ஓர் அறக்கட்டளை எங்களுக்கு நாற்பதாயிரம் ஒதுக்கியது. முதலில் 24,000. வேலை முடிந்து கணக்கும் யூசியும் கொடுத்த பிறகு மீதி. யூசி என்றால் பணத்தைச் சொன்ன வேலைக்கே செலவழித்தோம் என்ற சான்றிதழ். சிறு நிதியில் இதுதான் பொது வழக்கம்: கடைசிப் பகுதியை நாம் கையிலிருந்து போட்டுச் செலவழித்துவிட்டு அப்புறம் வாங்க வேண்டும். அந்தப் பதினாறாயிரத்தை யார் போடுவது என்று விண்ணப்பம் எழுதும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். நாங்கள் முடிவு செய்யவில்லை. அதனால் நான் போட்டேன்.

மொத்தம் 39,400 செலவானது. ஆசாரி தன் கூலி 8,200 ரூபாயைக் காலண்டர் தாளின் பின்புறம் எழுதிக் கொடுத்திருந்தார், தேதிகூட இல்லை. அறக்கட்டளை ஆள் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார், மறுபக்கம் ஒரு முருகன் படம். சிரித்துவிட்டார். நல்லவேளை, அதைச் சரிசெய்ய முடிந்தது: வவுச்சர் எழுதி, ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி, அதன்மேல் ஆசாரியிடம் கையெழுத்து வாங்கினோம். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட எந்த ரசீதுக்கும் அந்த ஸ்டாம்பு வேண்டும். போஸ்ட் ஆபீஸில் கிடைக்கும், பத்து வாங்கி வைத்துவிடுங்கள்.

சரிசெய்ய முடியாதது வேறொன்று. மரக்கூண்டுக்குக் கம்பிவலை பொள்ளாச்சியில் ஒரு கடையில் வாங்கினோம், 6,150 ரூபாய். மெஷினில் அடித்து வரும் வழுவழுப்பான பில். மற்ற பில்களை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவைத்த நான், இதை மட்டும் பெரிய தொகை என்று பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, பைக் டேங்க் கவரில் பத்திரமாக வைத்திருந்தேன். நம் ஊர் மார்ச் வெயில் தெரியுமே. மூன்று மாதம் கழித்து எடுத்தால் வெள்ளைத் தாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் கடைப் பெயரின் ஒரு பகுதி மட்டும் நிழலாகத் தெரிந்தது. அந்த வகைத் தாளுக்குச் சூடும் ஆகாது, பிளாஸ்டிக் உறையும் ஆகாது என்று பிறகு ஒருவர் சொன்னார். கடைக்காரர் நல்ல மனுஷர்தான், பழைய பில் மெஷினில் இல்லை என்றார். கணக்கு 33,250 என்று ஏற்கப்பட்டது, மீதியாக 9,250 வந்தது. 6,150 என் பையிலிருந்து போயிற்று. அறக்கட்டளையைக் குறை சொல்ல மாட்டேன். அந்தத் தாளை வைத்துக்கொண்டு நானாக இருந்தாலும் தந்திருக்க மாட்டேன்.

விண்ணப்பத்தில் எதைக் காட்டினால் எடுபடும் என்றும் கேட்டிருந்தீர்கள். சமூக மாற்றம், விழிப்புணர்வு என்று பக்கம் பக்கமாக எழுத வேண்டாம். எங்கள் முதல் விண்ணப்பம் ஒன்பது பக்கம், பதிலே வரவில்லை. இரண்டாவது ஒன்றரைப் பக்கம். இத்தனை அடி அலமாரி, இத்தனை கூண்டு, இரண்டு கடைக் கொட்டேஷன், பஞ்சாயத்து அனுமதி, குளத்துக்கரையின் இரண்டு போட்டோ. அதோடு ஒரு வருகைப் பதிவேடு. ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வந்தவர்கள் காலையில் கையெழுத்துப் போடும் சாதாரண நோட்டு அது, இருபத்து மூன்று ஞாயிறுகள் இருந்தன. சில பக்கங்களில் சேறு. உங்கள் பங்கு எவ்வளவு என்று நிதி தருபவர் கட்டாயம் கேட்பார். கையில் பணம் இல்லாத குழு அங்கே காட்ட வேண்டியது அந்த நோட்டைத்தான். வந்தவர் எண்ணிக்கையை உள்ளூர் நாள்கூலியால் பெருக்கி எழுதுங்கள். எங்கள் கணக்கில் அந்தத் தொகை நாங்கள் கேட்ட நாற்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது, எங்களுக்கே ஆச்சரியம்.

ஐம்பதாயிரத்தையும் ஒரே இடத்தில் கேட்காதீர்கள். உங்கள் ஊர்த் தேங்காய் மண்டிக்காரர், டிராக்டர் வைத்திருப்பவர், கோயில் கமிட்டி என்று ஐயாயிரமோ எட்டாயிரமோ முதலில் திரட்டுங்கள். ரசீதுப் புத்தகம் அச்சடித்து, வரிசை எண் போட்டு, அதற்கு ஒரு வரவு செலவு எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். அடுத்த விண்ணப்பத்தோடு அந்தத் தாளைத்தான் முதல் இணைப்பாக வைக்கப் போகிறீர்கள். நிர்வாகிகள் பட்டியலை வருஷா வருஷம் பதிவாளரிடம் கொடுப்பதையும் விட்டுவிடாதீர்கள். நாங்கள் இரண்டு வருஷம் மறந்து, அபராதம் கட்டினோம்.

அப்புறம், மெஷின் பில் எது கையில் வந்தாலும் அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து அசலோடு பின் பண்ணிவிடுங்கள். நான் இப்போது கடையை விட்டு இறங்கியதும் முதலில் தேடுவது ஜெராக்ஸ் கடையைத்தான், வீட்டுக்கு மளிகை வாங்கினால்கூட.