கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையமும் அதன் கீழே ஓடும் ஆறும்: கேள்வி பதில்

நைட் ஷிஃப்ட்: செகண்டரி கிளாரிஃபயரில் (கடைசிப் படிவுத் தொட்டியில்) ஸ்லட்ஜ், அதாவது பாக்டீரியாச் சேறு, கட்டிகட்டியாக மேலே மிதக்கிறது. ஸ்லட்ஜ் எவ்வளவு நன்றாகப் படிகிறது என்று காட்டும் எஸ்விஐ 110தான். பல்கிங்கா (ஸ்லட்ஜ் உப்பிப் படியாமல் போவதா)?

இல்லை. 110க்கு நன்றாகவே படிகிறது. 150ஐத் தாண்டினால்தான் பல்கிங்கைச் சந்தேகிக்க வேண்டும். அரை மணி நேர ஜாடிச் சோதனை முடிந்ததும் ஜாடியைக் கொட்டாமல் இரண்டு மணி நேரம் விட்டுவையுங்கள். படிந்த ஸ்லட்ஜ் குமிழிகளோடு கிளம்பி வந்தால் டீநைட்ரிஃபிகேஷன்: அடியில் ஆக்சிஜன் தீர்ந்ததும் நைட்ரேட் நைட்ரஜன் வாயுவாகிக் கட்டிகளைத் தூக்குகிறது. காற்றூட்டும் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் ஸ்லட்ஜைக் கூட்டி, அடியில் தேங்குவதைக் குறையுங்கள். அடியைச் சுரண்டும் ஸ்கிரேப்பர் தேய்ந்து மூலையில் ஸ்லட்ஜ் விட்டுப்போகிறதா என்றும் பாருங்கள்.

புதுசு: பாக்டீரியா பவுடர் போட்டால் சரியாகுமா?

ஆகாது. தொட்டியில் தேவையான பாக்டீரியா ஏற்கெனவே இருக்கிறது. காற்றும் ஸ்லட்ஜ் வயதும் (அது தொட்டியில் தங்கும் நாட்கள்) சரியில்லையென்றால் போட்டதும் சேர்ந்து வெளியே போகும்.

ஆற்றோரத்தான்: நிலையத்தின் பிஓடி (கழிவைச் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 8 மி.கி. என்கிறார்கள். ஆனால் கீழே மீன் சாகிறது. யார் சொல்வது பொய்?

இரண்டும் உண்மையாக இருக்கலாம். பிஓடி பாட்டிலில் நைட்ரிஃபிகேஷனை (பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரேட்டாக்குவதை) தடுக்கும் மருந்து சேர்த்திருந்தால் அம்மோனியா கேட்கும் ஆக்சிஜன் அந்தக் கணக்கிலேயே வராது. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனுக்குச் சுமார் 4.6 கிராம் ஆக்சிஜன் வேண்டும். வெளியேறும் நீரில் லிட்டருக்கு 18 மி.கி. அம்மோனியா நைட்ரஜன் இருந்தால் லிட்டருக்கு 80 மி.கி.க்கு மேல் ஆக்சிஜன் கடன். அதை ஆறுதான் அடைக்கிறது, அதுவும் கழிவு ஆற்றில் விழும் வாயிலில் அல்ல, கீழே தள்ளி. ஆற்றில் டிஓவை (கரைந்த ஆக்சிஜனை) விடிவதற்கு முன் அளந்து பாருங்கள். பகலில் பாசி தரும் ஆக்சிஜன் உங்களை ஏமாற்றிவிடும்.

கணக்குப்பிள்ளை: ஆற்றில் கலந்தால் நீர்த்துப்போகாதா? ஐந்து பங்கு ஆற்று நீர் இருக்கிறதே!

போட்டுப் பார்ப்போம். கழிவு ஒரு பங்கு, அம்மோனியா 18. ஆற்று நீர் ஐந்து பங்கு, அம்மோனியா பூஜ்யம். கலந்ததும் 3. வெப்பநிலை 28 டிகிரி என்று கொள்வோம். கலக்கும் முன் வாயிலில் பிஹெச் 7.2, அங்குள்ள 18இல் 1 சதவீதம்தான் மீனைக் கொல்லும் அயனியாகாத அம்மோனியா, சுமார் 0.2 மி.கி. கீழே பாசி கரியமில வாயுவை உறிஞ்சுவதால் பிற்பகலில் பிஹெச் 8.8, அங்குள்ள 3இல் 30 சதவீதம், சுமார் 0.9 மி.கி. ஆறு மடங்கு நீர்த்தும் நஞ்சு நாலு மடங்குக்கு மேல் கூடிவிட்டது.

கணக்குப்பிள்ளை: பிஹெச் 8.8 எல்லா ஆற்றிலும் வராது. வசதியான எண்ணை எடுத்துக்கொண்டீர்கள்.

எல்லா ஆற்றிலும் வராது, சரி. பாசி மண்டிய, மெதுவாக ஓடும் நீரில் வரும். அந்தப் பாசியை வளர்ப்பதில் உங்கள் நிலையம் வெளியேற்றும் பாஸ்பரஸுக்கும் பங்குண்டு. 8.0 என்றே வைத்தாலும் 6 சதவீதத்துக்கு மேல், அதாவது வாயிலில் இருந்த அதே 0.2. ஆறு மடங்கு நீர்த்ததற்கு லாபம் எங்கே? பிஹெச், வெப்பநிலை இல்லாத அம்மோனியா எண்ணை எனக்கு அனுப்பாதீர்கள்.

நைட் ஷிஃப்ட்: அப்படியானால் அம்மோனியாவை எப்படிக் குறைப்பது?

நைட்ரிஃபிகேஷன் தொட்டியிலேயே நடக்க வேண்டும். ஏரேஷன் டேங்கில் (காற்றூட்டும் தொட்டியில்) டிஓ லிட்டருக்கு 2 மி.கி.க்குக் குறையக்கூடாது. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜன் 7 கிராமுக்கு மேல் காரத்தன்மையை (அமிலத்தைத் தாங்கும் திறனை, கால்சியம் கார்பனேட் கணக்கில்) தின்னும். அது தீர்ந்தால் பிஹெச் விழுந்து வேலை நின்றுவிடும். இந்த வேலையைச் செய்யும் பாக்டீரியாவான நைட்ரிஃபையர் மெதுவாக வளர்வது. ஸ்லட்ஜை அதிகம் வெளியேற்றினால் அதுதான் முதலில் காணாமல் போகும். வெளியேற்றும் அளவை ஒரு நாளைக்கு 10–15 சதவீதத்துக்கு மேல் மாற்றாதீர்கள்.

மீன்பிரியன்: கிருமி கொல்லச் சேர்க்கும் குளோரின் மீனுக்கு ஆபத்தா?

லிட்டருக்கு 0.02 மி.கி. மிச்சமே சில மீன்களுக்கு ஆபத்து. மிச்சத்தை முறிக்க ஒரு கிராம் குளோரினுக்குச் சுமார் 1.5 கிராம் சோடியம் பைசல்ஃபைட். மிச்சக் குளோரினை அந்த இடத்திலேயே அளந்து பாருங்கள். லேபுக்குப் போவதற்குள் குறைந்துவிடும். பைசல்ஃபைட்டை அளவின்றிக் கொட்டினால் அதுவும் ஆற்று ஆக்சிஜனைக் குடிக்கும்.

வீட்டுக்காரர்: எங்கள் செப்டிக் டேங்க் நாறுகிறது. பவுடர் ஏதாவது...

பவுடர் பற்றி மேலே சொல்லியாயிற்று. வென்ட் குழாய் (வாயு வெளியேறும் குழாய்) அடைத்திருக்கிறதா என்று பிளம்பரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆற்றோரத்தான்: ஆற்றில் டிஓவைக் காலை ஆறு மணிக்கு அளந்தால் போதுமா?

வெளிச்சம் வந்திருந்தால் தாமதம். இன்னும் முன்னே போங்கள். வாயிலுக்கு மேலே ஓரிடம், கீழே மூன்று இடம். பிஹெச்சுக்குப் பிற்பகலில் அதே நான்கு இடங்களுக்கு மறுபடி போக வேண்டும்.