தூஜீயும் மேயரும் ஒன்றா?

கேள்வி: எங்கள் அப்பா ஊர்த் தலைவரைத் 'தூஜீ' என்பார். ரங்கூனில் மேயரை 'மியோடோ வுன்' என்கிறார்கள். இரண்டும் ஒரே பதவியா? சொற்கள் எப்படி வந்தன? (பெகுவிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: இல்லை ஐயா, வந்த வழியே வேறு. பர்மிய மொழியில் 'தூ' என்றால் ஆள், 'ஜீ' என்றால் பெரிய. பெரிய ஆள், அவ்வளவுதான். ஊர்ப் பெரியவர்களை லூஜீ என்கிறோமே, அதே ஜீதான். முன்னால் 'யுவா' போட்டால் கிராமத்துப் பெரியவர், 'மியோ' போட்டால் பட்டணத்துப் பெரியவர். ஆனால் மன்னர் காலத்து மியோ வெறும் டவுன் இல்லை, பட்டணமும் அதைச் சுற்றிக் கிடந்த கிராமங்களும் சேர்ந்ததுதான் மியோ, அதனால் மியோ தூஜீ கிட்டத்தட்ட ஒரு தாலுகாவையே கையில் வைத்திருந்தார் என்று சொல்லலாம்.

இவரை அரண்மனை அனுப்பி வைக்கவில்லை. பெரும்பாலும் பரம்பரைப் பதவி. போதோபயா மன்னர் 1783இலும் 1802இலும் நாடு முழுக்கத் தூஜீக்களிடம் வாக்குமூலம் வாங்கினார், அதற்குச் சித்தான் என்று பெயர். தான் பிறந்த கிழமை, வயது, தனக்கு முன்னால் குடும்பத்தில் யார் யார் பதவியில் இருந்தார்கள், நாலு திசையிலும் எல்லை எது, வரி எவ்வளவு என்று ஒவ்வொருவரும் சொல்லியிருக்கிறார்கள். நம் கல்வெட்டுகளில் வரும் பெருநான்கெல்லை எனக்கு ஞாபகம் வந்தது. பெண்களும் தூஜீயாக இருந்திருக்கிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

வுன் அப்படியில்லை, அவர் அரண்மனை ஆள். வுன் என்றால் சுமை, அப்புறம் பொறுப்பைச் சுமக்கும் அமைச்சருக்கும் அதே சொல். மியோ வுன் மன்னர் நியமித்த ஆளுநர், பிடிக்காவிட்டால் மாற்றிவிடுவார். அரச மரியாதைக்கான 'டோ' நடுவில் சேர்ந்து, தலைநகரின் வுன் என்ற பொருளில் மியோடோ வுன் ஆகிறது. ரங்கூன் மேயர் இன்றும் நியமனத்தில் வருகிறவர்தான் என்பதால் பெயர் நன்றாகவே பொருந்துகிறது என்பேன்.

மூன்றாவதாக ஒருவர் உண்டு, மியோசா. 'சா' என்றால் சாப்பிடுவது! ஊரின் வருமானத்தை மன்னர் யாருக்கு எழுதிக் கொடுத்தாரோ அந்த இளவரசரோ அமைச்சரோ அந்த ஊரைத் 'தின்பவர்'. கடைசி மன்னர் திபோவுக்கு அந்தப் பெயர் வந்ததே ஷான் மலைநாட்டுத் திபோ ஊர் அவருக்கு மானியமாக இருந்ததால்தான். 1885இல் வெள்ளைக்காரன் அவரைப் பிடித்து மதராஸ் வழியாக ரத்னகிரிக்குக் கொண்டுபோனான்.

மியோ தூஜீயின் கையை ஒடித்ததும் வெள்ளைக்காரன்தான். கிளர்ச்சிகளுக்குப் பின்னால் இவர்கள் இருப்பதைக் கண்டு, தலைமை ஆணையராக இருந்த கிராஸ்த்வைட் 1887 முதல் கிராமத்துக்கொரு தலைவர் என்று பிரித்துப்போட்டார். வரி வசூலுக்குக் கமிஷன், சின்ன வழக்கு, போலீசுக்குத் தகவல் எல்லாம் அந்தக் கிராமத் தூஜீ தலையில். ஊர் மனுஷன் சர்க்கார் மனுஷனாகிவிட்டார், 1930இல் தராவாடிக் கிளர்ச்சியில் தூஜீக்கள் தாக்கப்பட்டதற்கு அதுதான் காரணம் என்பது என் கணிப்பு.

கேள்வி: அப்படியானால் மேயர் என்ற சொல்?

பதில்: லத்தீனில் 'மாயோர்' என்றால் இன்னும் பெரியவர். பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு வந்தது. ஆக அதுவும் தூஜீக்கு உறவுக்காரன்தான். மதராஸில் 1688இலேயே மேயர் இருந்தார், நதானியேல் ஹிக்கின்சன் என்பவர். தமிழில் 'நகரத் தந்தை' என்றார்கள், பெண் மேயர் வந்தால் என்ன செய்வது என்று யோசிக்காமல்.

கேள்வி: வார்டு ஆபீசுக்கு மனு எழுதும்போது தூஜீ என்று போடலாமா?

பதில்: போடாதீர்கள். கிராமங்களில் இன்றும் வாயில் வருவது தூஜீதான், ஆனால் 2012 சட்டப்படி அவர் 'ஓச்சோயேமூ', அதாவது நிர்வாகி. மனுவில் அதையே பர்மிய எழுத்தில் எழுதுங்கள். நேரில் போகும்போது பேரோடு 'ஊ' என்ற மரியாதைச் சொல்லைச் சேர்த்துக் கூப்பிட்டால் போதும்.