மொட்டை மாடியிலிருந்து ட்ரோன்: வாசகர் கேள்விகள்

கேள்வி: என் ட்ரோன் 249 கிராம்தான். எந்த விதியும் இதற்குப் பொருந்தாது என்கிறார்களே?

பதில்: விற்பவர்கள் சொல்லும் பாதிக் கதை அது. எடை குறைந்தால் காகித வேலைதான் குறையும். வான்வெளித் தடை அப்படியே இருக்கும். அமெரிக்காவில் 250 கிராமுக்குக் கீழே, பொழுதுபோக்குக்கு மட்டும் என்றால் பதிவு வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் அதே ட்ரோனில் கேமரா இருந்தால் (பொம்மை ரகம் தவிர) இயக்குபவர் பதிவு செய்தாக வேண்டும். இந்தியாவில் ட்ரோன் ஓட்டுவதற்கான ரிமோட் பைலட் சான்றிதழ் இதற்குத் தேவையில்லை. ஆனால் அரசின் வான்வெளி வரைபடத்தில் சிவப்பு மண்டலம் (அரசு அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாத பகுதி) எந்த எடைக்கும் சிவப்புதான். இன்னொன்று, கணக்கில் வருவது புறப்படும்போதுள்ள மொத்த எடை. இறக்கைக் காப்போ பெரிய பேட்டரியோ மாட்டினால் 249 என்ற பேச்சே முடிந்தது.

கேள்வி: நண்பர் தன் வீட்டை விற்கிறார். காசு வாங்காமல் மேலிருந்து படம் எடுத்துக் கொடுத்தால் பொழுதுபோக்குதானே?

பதில்: அமெரிக்காவில் இல்லை. அங்கே பார்ப்பது கூலியை அல்ல, நோக்கத்தை. விற்பனைக்கு உதவும் படம் என்றால், பொழுதுபோக்கு அல்லாத பறப்புக்கான ‘பார்ட் 107’ விதியின்படி சான்றிதழ் வேண்டும். ஐரோப்பாவில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. எடையையும், அருகில் இருக்கும் ஆட்களையும் வைத்துத்தான் பிரிக்கிறார்கள். இந்தியாவில் 2 கிலோ வரையிலான ‘மைக்ரோ’ ட்ரோனுக்கு வணிகம் அல்லாத பயன்பாட்டில் சான்றிதழ் விலக்கு உண்டு. வணிகம் என்றதும் அது போய்விடும்.

கேள்வி: அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியிலிருந்து பறக்கவிடலாமா? 120 மீட்டர் வரம்பை ஆப்பிலேயே வைத்துவிட்டேன்.

பதில்: அங்கேதான் பலரும் இடறுகிறார்கள். ஆப் காட்டும் உயரம் புறப்பட்ட இடத்திலிருந்து. சட்டம் சொல்லும் 120 மீட்டர் தரையிலிருந்து. மாடி 40 மீட்டர் என்றால் ஆப்பில் 80-தான் வைக்க வேண்டும். தொடர்பு அறுந்தால் ட்ரோன் தானாகத் திரும்பிவரும் உயரத்துக்கும் இதே கணக்கு. வழியில் 70 மீட்டர் கட்டடம் நிற்கிறதா? 70-இல் 40 போக 30, மேலே 20 மீட்டர் இடைவெளி, ஆக 50.

கான்கிரீட்டுக்குள் கம்பி இருப்பதால் ட்ரோனின் திசைகாட்டி குழம்பும். குழம்பினால் ட்ரோன் ஒரே இடத்தில் நிற்காமல் வட்டம் போட்டு, வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டே விலகும். எச்சரிக்கை வந்ததும் அங்கேயே திசைகாட்டியைச் சரிசெய்ய உட்காராதீர்கள். கம்பியின் காந்தப்புலத்தையும் சேர்த்துப் பதிந்துகொள்ளும். மர மேசை மீது வைத்துப் பாருங்கள். எச்சரிக்கை போகவில்லையா, அன்றைக்கு மாடி வேண்டாம், திறந்த வெளிக்குப் போங்கள். திரும்பும் இடம் பதிவானதாக ஆப் சொல்லும்வரை மேலே ஏற்றவும் வேண்டாம்.

இறக்குவதைக் கையால் செய்யுங்கள். ஜி.பி.எஸ். சில மீட்டர் தவறும், கண்ணாடிச் சுவர்கள் சூழ்ந்த இடத்தில் இன்னும் கூடுதலாக. மைதானத்தில் அது பெரிய விஷயமில்லை; மாடியில் அந்தச் சில மீட்டர் கைப்பிடிச் சுவருக்கு அப்பால் போய்விடும். சுவர் விளிம்பில் காற்று மேல்நோக்கிச் சுழலும், அதனால் நடுவில் இறக்குவதே நல்லது.

கேள்வி: ஆப் தடுக்கவில்லை என்றால் அங்கே அனுமதி உண்டு என்றுதானே பொருள்?

பதில்: இல்லை. ட்ரோன் தயாரிக்கும் டி.ஜே.ஐ. நிறுவனமே 2025 ஜனவரியில் அமெரிக்காவில் அந்தத் தடுப்பை எடுத்துவிட்டு, எச்சரிக்கை காட்டுவதோடு நிறுத்திக்கொண்டது. அரசு வரைபடத்தைப் பாருங்கள், அதுவும் பறக்கவிடும் அன்றைக்கே; தற்காலிகத் தடைகள் முன்தினம் இல்லாமல் இருந்திருக்கலாம்.