பென்சில்வேனியா லைசென்ஸ் பாலத்தோடு சரி

கேள்வி: பென்சில்வேனியாவில் எக்ஸ்டன் பக்கம் கடை வைத்திருக்கிறேன். கிரீன் கார்டு இருக்கிறது. இரவில் கல்லாப் பணத்தோடு வீடு திரும்ப வேண்டியிருப்பதால், கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல இரண்டு வருடம் முன்பு ஷெரிஃப் அலுவலகத்தில் லைசென்ஸ் வாங்கினேன். அடுத்த மாதம் நியூ ஜெர்சி எடிசனில் அக்கா மகளுக்கு வளைகாப்பு. காரில் துப்பாக்கியைக் கொண்டுபோகலாமா? 2022 தீர்ப்புக்குப் பிறகு எங்கும் கொண்டுபோகலாம் என்கிறார் ஒரு நண்பர். 'பல மாநில பெர்மிட்' வகுப்பு ஒன்று இருக்கிறது, அதை முடித்தால் போதும் என்கிறார் இன்னொருவர். கூடாது என்றால், வீட்டில் தங்கியிருக்கும் சித்தி மகனிடம் கொடுத்துவிட்டுப் போகலாமா? அவன் எச்-1பி விசாவில் இருக்கிறான்.

பதில்: கொண்டுபோகாதீர்கள். சித்தி மகனிடமும் கொடுக்காதீர்கள். இதற்கு மேல் படிக்க நேரமில்லை என்றால் இந்த இரண்டும் போதும்.

உங்கள் லைசென்ஸ் பென்சில்வேனியா கொடுத்தது. டெலவேர் ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் அது வெறும் அட்டை. நியூ ஜெர்சி எந்த வெளிமாநிலப் பெர்மிட்டையும் ஏற்பதில்லை. நியூயார்க்கும் மேரிலாந்தும் அப்படித்தான். டிரைவிங் லைசென்ஸ் எல்லா மாநிலத்திலும் செல்கிறதே, இது ஏன் செல்லாது என்று கேட்காதவர்கள் இல்லை. நியாயமான கேள்விதான். செல்லவேண்டும் என்று 2017 டிசம்பரில் கீழவை ஒரு மசோதாவை நிறைவேற்றியது. செனட்டில் அது அப்படியே படுத்துவிட்டது. இன்றைக்கு 29 மாநிலங்களில் பெர்மிட்டே இல்லாமல் மறைத்து எடுத்துச் செல்லலாம். அவற்றில் எதிலும் பிரச்சினை இல்லாத அதே துப்பாக்கி, உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேர ஓட்டத்தில் உங்களைச் சிறைக்கு அனுப்பும். இதை ஒரு நாட்டின் சட்டம் என்று சொல்லவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் கோர்ட்டில் என் கூச்சம் செல்லுபடியாகாது.

நண்பர் சொல்லும் 2022 தீர்ப்பு உச்ச நீதிமன்றத்தின் ப்ரூயன் வழக்கு. துப்பாக்கி ஏன் வேண்டும் என்பதற்குத் தனிக் காரணம் காட்டு என்று மாநிலம் கேட்கக்கூடாது என்றது அது. பெர்மிட் வாங்காதே என்று சொல்லவில்லை, பக்கத்து மாநிலப் பெர்மிட்டை ஏற்றுக்கொள் என்றும் சொல்லவில்லை. நியூ ஜெர்சி பழைய 'காரணம் காட்டு' விதியை விட்டது. கையோடு 2022 டிசம்பரிலேயே புதுச் சட்டம் போட்டு, எங்கெல்லாம் கொண்டுபோகக்கூடாது என்று நீண்ட பட்டியல் வைத்தது. அந்தப் பட்டியல் மேல் வழக்கு நடந்துகொண்டே இருக்கிறது.

பிடிபட்டால் என்ன? பெர்மிட் இல்லாமல் கைத்துப்பாக்கி வைத்திருப்பது நியூ ஜெர்சியில் இரண்டாம் நிலைக் குற்றம், ஐந்திலிருந்து பத்து வருடம் வரை. அதில் குறைந்தது 42 மாதம் பரோல் இல்லாமல் உள்ளே இருக்கவேண்டும். பிராசிக்யூட்டர் மனது வைத்தால் குறையலாம். அவர் மனதை நம்பியா வளைகாப்புக்குப் போவீர்கள்?

ஷனீன் ஆலன் என்ற பெண்ணின் கதையை இங்கே எல்லா வக்கீலும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். பிலடெல்பியாக்காரர், இரண்டு குழந்தைகளின் தாய், கையில் உங்களுடையதைப் போலவே பென்சில்வேனியா லைசென்ஸ். 2013 அக்டோபரில் நியூ ஜெர்சி அட்லாண்டிக் கவுண்டியில் சாதாரணப் போக்குவரத்து விதிமீறலுக்காக போலீஸ் காரை நிறுத்தியது. பையில் துப்பாக்கி இருக்கிறது, லைசென்ஸ் இருக்கிறது என்று அவரே சொன்னார். பென்சில்வேனியாவில் அது நல்ல பழக்கம். இங்கே அதுவே வாக்குமூலம் ஆனது. ஒரு மாதத்துக்கு மேல் சிறையில் இருந்தார். கடைசியில் 2015 ஏப்ரலில் கவர்னர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு கொடுத்தபிறகுதான் அவர் பெயர் சுத்தமானது.

அவர் அமெரிக்கக் குடிமகள். நீங்கள் கிரீன் கார்டு. துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை விழுந்தால், குடியேற்றச் சட்டத்தில் அதுவே தனியாக நாடு கடத்தக் காரணம். பிலடெல்பியா அம்மாவுக்குக் கவர்னர் கிடைத்தார். உங்களுக்கு அதற்குப் பிறகு குடியேற்ற நீதிபதியும் காத்திருப்பார்.

டிக்கியில் பூட்டி வைத்தால் பரவாயில்லையாமே என்று அடுத்து கேட்பீர்கள். இந்த அரைகுறைச் செய்திதான் நிறையப் பேரைக் கவிழ்க்கிறது, அதனால் நிதானமாகச் சொல்கிறேன். 1986-ல் வந்த ஃபெடரல் சட்டம் ஒன்று வழிப்பயணத்துக்குப் பாதுகாப்பு தருகிறது. புறப்படும் இடத்திலும் போய்ச் சேரும் இடத்திலும் துப்பாக்கியை எடுத்துச் செல்ல உங்களுக்குச் சட்டப்படி உரிமை இருந்தால், நடுவில் வரும் மாநிலத்தைக் கடந்து போகலாம். துப்பாக்கியில் தோட்டா இருக்கக்கூடாது. துப்பாக்கியும் தோட்டாவும் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து கைக்கு எட்டக்கூடாது. ஹோண்டா ஒடிசி மாதிரித் தனி டிக்கி இல்லாத வண்டி என்றால் பூட்டிய பெட்டியில் வைக்கவேண்டும். டேஷ்போர்டு பெட்டியைப் பூட்டினாலும் கணக்கில் வராது.

இப்போது இதை உங்கள் பயணத்தில் வைத்துப் பாருங்கள். நீங்கள் போய்ச் சேரும் இடமே எடிசன். எனவே இந்தச் சட்டம் உங்களுக்குத் துளியும் உதவாது. சரி, வெர்மான்ட் போகிறீர்கள், அங்கே பெர்மிட்டே வேண்டாம், வழியில்தான் நியூ ஜெர்சி என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் போட நிறுத்தலாம். அக்கா வீட்டில் இறங்கி, சாப்பிட்டு, இரவு தங்கி, காலையில் கிளம்பினால்? அப்போது நீங்கள் கடந்து போகிறவர் இல்லை, வந்து தங்கியவர்.

இரவு தங்கினால் என்ன ஆகும் என்பதற்கு யூட்டாவிலிருந்து வந்த கிரெக் ரெவெல் சாட்சி. 2005-ல் அவர் உங்கள் மாநிலத்து ஆலன்டவுனுக்குத்தான் போய்க்கொண்டிருந்தார். துப்பாக்கியை விமான நிறுவனத்திடம் முறையாகச் சொல்லிப் பூட்டிப் பெட்டியில் போட்டிருந்தார். நூவர்க்கில் இணைப்பு விமானம் தவறியது. பதிலுக்கு பஸ்ஸில் ஏற்றினார்கள். பெட்டி பஸ்ஸில் இல்லை. தேடி இறங்கியவருக்கு பெட்டி கிடைத்தது, பஸ் போய்விட்டது. பெட்டியோடு விமான நிலைய ஹோட்டலில் படுத்தார். காலையில் கவுன்டரில் மறுபடி ஒழுங்காகத் துப்பாக்கி இருப்பதைச் சொன்னார். கைது. வழக்கு பின்னால் கைவிடப்பட்டது என்றாலும், அவர் நஷ்டஈடு கேட்டுப் போனபோது 2010-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கைவிரித்தது. ஹோட்டல் அறையில் பெட்டி அவர் கைக்கு எட்டும் தூரத்தில்தானே இருந்தது, அத்தோடு பாதுகாப்பு போயிற்று என்றது. அப்படியானால் அந்த இரவு பெட்டியை எங்கே வைத்திருக்க வேண்டும் என்று கேட்டால், போலீஸிடம் ஒப்படைத்து வைக்கச் சொல்லியிருக்கலாம் என்கிற மாதிரிப் பதில். ராத்திரி எட்டு மணிக்கு நூவர்க்கில் அதை யார் செய்வார் என்று எனக்கும் தெரியவில்லை.

அப்புறம் அந்த 'பல மாநில பெர்மிட்' வகுப்பு. இவர்கள்மேல் எனக்குப் பழைய கோபம். ஹோட்டல் கூட்ட அறை, மடக்கு நாற்காலிகள், சுவரில் அமெரிக்க வரைபடம், முக்கால்வாசி பச்சை வண்ணம். முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் செல்லும் என்று பெரிய எழுத்து. உங்கள் அக்கா வீடு இருக்கும் வடகிழக்கு மூலை மட்டும் சிவப்பாக, பேச்சாளரின் தோளுக்குப் பின்னால் இருக்கும். அவர்கள் வாங்கித் தருவது பெரும்பாலும் யூட்டா, அரிசோனா மாதிரி ஏதோ ஒரு மாநிலத்தின் வெளியாள் பெர்மிட்டுக்கான காகிதம்தான். அது நியூ ஜெர்சியில் உங்கள் பென்சில்வேனியா அட்டைக்குச் சமம், அதாவது பூஜ்யம். பணம் வாங்கிக்கொண்டு விண்ணப்பத்தை நிரப்பித் தருகிறேன், பரிந்துரைக்கும் ஆட்களையும் நானே போட்டுவிடுகிறேன் என்று சொல்பவர் கிடைத்தால் எழுந்து வெளியே வந்துவிடுங்கள். விண்ணப்பத்தில் பொய் எழுதுவது தனிக் குற்றம். கையெழுத்து உங்களுடையது, அவருடையது அல்ல.

எடிசனுக்கு அடிக்கடி போகிறவர், உண்மையிலேயே வேண்டும் என்றால் நேர் வழி இருக்கிறது. வெளிமாநிலத்தவரும் நியூ ஜெர்சி பெர்மிட்டுக்கு மாநிலப் போலீஸிடம் விண்ணப்பிக்கலாம். 200 டாலர் கட்டணம், கைரேகை, பயிற்சிச் சான்று, உறவினர் அல்லாத நான்கு பேர் உங்களைத் தெரியும் என்று சொல்லவேண்டும். கிடைத்தால் இரண்டு வருடம் செல்லும், பிறகு மறுபடி முதலிலிருந்து. பென்சில்வேனியாவில் 20 டாலருக்கு ஐந்து வருடம் வாங்கிய உங்களுக்கு இது எரிச்சலாகத்தான் இருக்கும். அடுத்த மாதத்துக்குள் வராது, அதனால் வளைகாப்புக்கு உதவாது.

கிளம்புவதற்கு முன் காரைச் சுத்தமாகப் பாருங்கள். துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டு, சீட்டுக்கு அடியில் உருண்டு கிடக்கும் தோட்டாவை மறந்துவிடுவார்கள். உங்கள் கடைப் பாதுகாப்புக்கு வாங்கியது ஹாலோ பாயின்ட் (முனையில் குழி உள்ள தோட்டா) வகையாக இருந்தால், நியூ ஜெர்சியில் அந்த ஒரே ஒரு தோட்டாவே தலைவலி. பண மூட்டை போடும் பையையும் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். மனைவியின் கைப்பையில் நீங்கள் போட்டது எதுவும் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

கடைசியாக சித்தி மகன். எச்-1பி மாதிரித் தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது பொதுவாக ஃபெடரல் குற்றம், இதற்கு மாநிலம் வித்தியாசம் கிடையாது. கையில் பிடிக்கவேண்டும் என்றுகூட இல்லை. சாவி அவனிடம் இருந்து, நினைத்தால் எடுக்கலாம் என்ற நிலை இருந்தாலே வழக்குப் போட இடமுண்டு. ஆகவே பூட்டுப் பெட்டியில் வையுங்கள், சாவியை எடிசனுக்கு எடுத்துச் செல்லுங்கள், சாவிக்கு எந்த மாநிலத்திலும் பெர்மிட் வேண்டாம். நம்பர் பூட்டு என்றால், அந்த நம்பர் உங்கள் கல்யாண நாளாகவோ வைஃபை பாஸ்வேர்டாகவோ இருந்தால், புறப்படும் முன் மாற்றிவிடுங்கள்.