தும்பிச் சிறகுக்கு என்ன நிறம்?

பூச்சிகளையும் செடிகொடிகளையும் காகிதம், மை, வண்ணம் என அடுக்கடுக்காகச் சேர்த்துப் படமாக்கும் கடலூர் ஓவியர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.

கேள்வி: டிஷ்யூ காகிதம் ஒட்டி, அதன்மேல் அக்ரிலிக் பூசித் தும்பி வரைகிறேன். சிறகு கண்ணாடிபோல வரவில்லை, தாளை வெட்டி ஒட்டியதுபோல் நிற்கிறது. மேலும் பூசினால் நிறம் கலங்கிச் சேறாகிவிடுகிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: சிறகுக்கு வெள்ளை பூசுகிறீர்கள் என்று நினைக்கிறேன் அம்மா. அந்த வெள்ளை டியூபை முதலில் மூடி வையுங்கள். தும்பி எருக்கம் இலைமேல் உட்கார்ந்தால் சிறகு வழியே இலையின் சாம்பல் பச்சை தெரியும். தேவனாம்பட்டினத்துக் கடற்கரை மணலில் உட்கார்ந்தால் மணல்தான் தெரியும். எனவே சிறகு வரப்போகும் இடத்தில் பின்னணியை முழுதாக முடித்துவிடுங்கள்: இலை நரம்பு, நிழல், புழு அரித்த ஓட்டை வரை எல்லாமே. எப்படியும் மறையப்போகிறதே என்று அந்த இடத்தைக் காலியாக விடுகிறவர்கள்தான் பிறகு வெள்ளையைத் தேடுகிறார்கள்.

அது காய்ந்த பிறகு, மெல்லிய வெள்ளை டிஷ்யூவில் நீரில் கரையாத கறுப்பு மையால் சிறகின் நரம்புகளை வரையுங்கள். சாதாரணப் பேனா மை உதவாது, ஈரத் தூரிகை பட்டதும் பரவிவிடும். முன்விளிம்பில் நரம்பு தடித்திருக்கும், பின்னால் போகப் போக வலைபோல் மெலியும். நுனிக்குச் சற்று முன்னால், முன்விளிம்பிலேயே, சின்னதாக ஒரு கருந்திட்டு உண்டு. நான்கு சிறகிலும் அதை வையுங்கள், தும்பிக்கு உயிர் வந்துவிடும். எல்லாக் கட்டங்களையும் வரைந்து நிரப்ப வேண்டியதில்லை. வெளிச்சம் விழும் இடத்தில் கோடு அறுந்துபோகட்டும்.

பிறகு அக்ரிலிக் மீடியத்தை (நிறம் சேராத, காய்ந்தால் தெளிவாகிவிடும் பசை) அடியில் ஒரு பூச்சு, மேலே ஒரு பூச்சு கொடுத்து டிஷ்யூவை ஒட்டுங்கள். மீடியம் ஊறும்போது வெள்ளைக் காகிதம் கண்ணெதிரே கரைந்ததுபோல் மறையும், நரம்புகள் மட்டும் இலைமேல் மிதக்கும். அந்த ஒரு நிமிடத்துக்காகவே இந்த வேலையை நேசிக்கிறேன். கடைசியாக, நிறைய மீடியத்தில் துளி நீலமோ பழுப்போ கலந்து ஒருமுறை தடவினால் போதும்.

சேறாவதற்குக் காரணம் அவசரம்தான். அடிப்பூச்சு ஈரமாக இருந்தால் மேல்பூச்சு அதையும் இழுத்துக்கொண்டு வரும். ஐப்பசி, கார்த்திகையில் நம் கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். மேல்தோல் காய்ந்தாலும் உள்ளே காய்ந்திருக்காது. புறங்கையை வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இரவு முழுக்க விட்டுவிடுங்கள்.

கேள்வி: பொன்வண்டின் மினுமினுப்பு எந்த வண்ணத்திலும் வரவில்லை. இறந்துகிடக்கும் பூச்சிகளின் சிறகையே படத்தில் ஒட்டலாமா?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: ஒட்டாதீர்கள் தம்பி. பட்டாம்பூச்சிச் சிறகின் செதில்கள் கை பட்டாலே உதிரும், மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். தவிர, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் பல பட்டாம்பூச்சி இனங்கள் இருக்கின்றன. செத்ததாயினும் சட்டம் சட்டம்தான்.

தீப்பெட்டிக்குள் பொன்வண்டு வளர்த்த தலைமுறை நாங்கள். அந்தப் பச்சை, சாயத்தால் வருவதில்லை. ஓட்டிலுள்ள மிக மெல்லிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் பிறக்கிறது. அதனால்தான் 19ஆம் நூற்றாண்டில் பொன்வண்டு ஓடுகளைத் தைத்துச் செய்த இந்தியத் துணிகள் இன்றும் மின்னுகின்றன. பூச்சியே அடுக்கடுக்காக நிறத்தை உண்டாக்கும்போது நாமும் அந்த வழியில் போவதே முறை. முதலில் நல்ல கறுப்புப் பூசிக் காயவிடுங்கள். அதன்மேல் 'இன்டர்ஃபரன்ஸ்' வகைப் பச்சையை மெல்லிசாகத் தடவுங்கள். வெள்ளைத் தாளில் கண்ணுக்கே தெரியாத அந்த வண்ணம், கறுப்பின்மேல் பளீரென்று எழும். ஓரங்களில் கறுப்பைக் கொஞ்சம் விட்டுவையுங்கள். மேலே பளபளப்பில்லாத 'மேட்' வார்னிஷ் அடித்தால் மினுக்கம் செத்துவிடும்.

கேள்வி: காட்டுக்குப் போய்ப் பூச்சிகளைப் பார்க்க வசதியில்லை. இணையத்தில் கிடைக்கும் படங்களைப் பார்த்து வரையலாமா?
– வாசகி, சிதம்பரம்

பதில்: உறுப்புகளின் அளவு தெரிந்துகொள்ளப் பாருங்கள், அவ்வளவே. அவற்றில் பல, ஊசி குத்திச் சிறகை விரித்துவைத்த உயிரற்ற பூச்சிகள். செத்த தும்பியின் உடல்நிறமும் மங்கிவிடும்.

மரியா சிபில்லா மெரியன் என்ற ஓவியர், 1699இல் தம் இளைய மகளுடன் கடல்கடந்து தென் அமெரிக்காவின் சூரினாமுக்குப் போனார். 1705இல் அவர் வெளியிட்ட நூலில் முட்டை, புழு, கூட்டுப்புழு, பட்டாம்பூச்சி எல்லாம் அவை வாழும் செடியோடு ஒரே பக்கத்தில் இருக்கும். உங்களுக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். கொல்லைக் கறிவேப்பிலைச் செடி போதும். கறிவேப்பிலை அழகி என்ற பட்டாம்பூச்சி அதில் முட்டையிடும். இளம்புழு பறவை எச்சம்போலக் கிடக்கும், வளர்ந்ததும் இலைப்பச்சைக்கு மாறும். லேசாகச் சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கவைபோல ஒரு கொம்பை நீட்டும், காட்டமான வாடை வரும். இந்த மாற்றங்களை ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள்: அடியில் இலை, அதன்மேல் மங்கலாகப் புழு, எல்லாவற்றுக்கும் மேலே சிறகு. செடிப் பக்கத்திலேயே ஒரு நோட்டும் பென்சிலும் இருக்கட்டும். புழு தின்கிறதே என்று மருந்து மட்டும் அடித்துவிடாதீர்கள். இரண்டு கிளையை அதற்கு விட்டுக்கொடுங்கள், குழம்புக்கு மீதி போதும்.